கைவிட்டாரா, ஒப்புக்கொடுத்தாரா? ‘கிவ் அப்’ என்னும் ஆங்கிலக் கூட்டுவினை

ஆங்கில விளக்கவுரைகளின் துணைகொண்டு அருளுரை ஆயத்தம் செய்யும் நாம் கடினமான கலைச்சொற்களில் பெரும்பாலும் இடறுவதில்லை. அவற்றுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். நன்கு தெரிந்தவை என்று எண்ணிக் கடந்துபோகும் சிறு வினைகளிலேயே இடறுகிறோம். பள்ளி மாணவனும் அறிந்த ‘கிவ் அப்’ என்னும் கூட்டுவினை அத்தகையது. ரோமர் முதலாம் அதிகாரத்தைப் பற்றிய பிரசங்கங்களில் இச்சொல் எவ்வளவு கேடு விளைவிக்கக்கூடும் என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப்பார்க்கவில்லை.

‘கிவ்’ என்பதன் பொருள் கொடு. ‘அப்’ என்பதற்கு மேலே என்பது நேர்ப்பொருளாயினும், இங்கே மேல் கீழ் என்னும் திசைக்கு இடமில்லை. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ முதலிய தொடர்களில் போல, செயல் முற்றுப்பெற்றதை அது உணர்த்துகிறது. தமிழில் ‘விடு’ என்னும் துணைவினை ஆற்றும் பணி இதுவே: உண்டுவிட்டான், செலவழித்துவிட்டான். ஆகவே ‘கிவ் அப்’ என்பது அடிப்படையில் ‘கொடுத்துவிடு’ என்பதாம். கொடுத்தபின் பொருள் கொடுத்தவன் கையில் இல்லை.

இவ்வடிப்படையிலிருந்து கிளைக்கும் பொருள்களை வாக்கிய அமைப்பைக்கொண்டு பிரித்தறியலாம். பெற்றுக்கொள்பவர் குறிக்கப்பட்டால் அது ஒப்படைத்தல். பெறுபவர் இன்றி, விடப்படும் பொருள் மட்டும் குறிக்கப்பட்டால் விட்டுவிடுதல். புகைபிடித்தலை விடுவதும் பதவியைத் துறப்பதும் இவ்வகையின. இரண்டும் இல்லாமல் வினை தனித்து நின்றால் மனந்தளர்தல். லூக்கா 18:1இலும் கலாத்தியர் 6:9இலும் புதிய சர்வதேச ஆங்கிலத் திருப்புதல் இந்த மூன்றாம் பொருளிலேயே இதனை ஆளுகிறது. அவ்விடங்களில் பழைய ஜேம்ஸ் அரசர் திருப்புதலில் உள்ள சொல் ‘ஃபெய்ன்ட்’. நம் வேதாகமத்தில் சோர்தல், தளர்தல். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் இம்மூன்றாம் பொருளே ஓங்கி நின்று, ஏனையவற்றின்மீதும் தன் நிழலை வீழ்த்துகிறது.

ஒருபொருட் சொற்கள் என்று அகராதிகள் அடுக்குபவை உண்மையில் ஒரே பொருளன அல்ல. ‘சரெண்டர்’ என்பதில் வலியவர் ஒருவர் எதிரே நிற்கிறார். ‘ரெலிங்க்விஷ்’ என்பது பெரும்பாலும் உரிமையை விடுதல். ‘ரினௌன்ஸ்’ என்பதில் வெளிப்படையான அறிவிப்பு அடங்கியுள்ளது; திருமுழுக்கு ஆராதனையில் பிசாசின் கிரியைகளை வெறுத்து அறிக்கையிடுவதற்கு அச்சொல் வழங்குவது அதனாலேயே. ‘அபாண்டன்’, ‘ஃபர்சேக்’ ஆகிய இரண்டும் கைவிடுதலைக் குறிப்பன; பின்னதில் முன்பிருந்த உறவு முறிந்த வேதனையும் சேர்ந்து ஒலிக்கிறது.

சிலுவை மரணத்தைக் கூறும் இடங்களில் இக்கூட்டுவினை செய்திருக்கும் குழப்பத்தைப் பார்ப்போம். மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய மூவரிடத்திலும் ஜேம்ஸ் அரசர் திருப்புதல் ‘கேவ் அப் த கோஸ்ட்’ என்ற ஒரே தொடரையே வைத்துள்ளது. கிரேக்கத்திலோ மாற்கும் லூக்காவும் மூச்சுவிட்டார் என்று பொருள்படும் ‘எக்ஸெப்னெயுசென்’ என்னும் சொல்லை எழுத, யோவான் ‘பரெதோக்கென்’, அதாவது ஒப்புக்கொடுத்தார், என்று எழுதினார். மத்தேயுவின் சொல் ‘அஃபேக்கென்’. சீஷர்கள் வலைகளை விட்டதற்கும் கடன்களை மன்னிப்பதற்கும் ஆளப்படும் அதே வினை. 1871இல் வெளிவந்த பவர் ஐயரின் திருப்புதல் மாற்கிலும் லூக்காவிலும் ஜீவனை விட்டார் என்றும், மத்தேயுவில் ஆவியை விட்டார் என்றும், யோவானில் ஆவியை ஒப்புக்கொடுத்தார் என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது. தமிழ் வேதாகமம் மட்டும் கையிலுள்ள உபதேசியார் இவ்விடத்தில் ஆங்கிலம் மட்டும் படித்தவரைவிட மூலத்திற்கு அருகில் நிற்கிறார். (அந்த ஆங்கிலத் தொடர் பழுதாகி நின்றுபோன இயந்திரத்தைக் குறித்து வேடிக்கையாய்ச் சொல்லும் வழக்காகவும் ஆகிவிட்டது. புனித வெள்ளி அன்று அதை ஆங்கிலத்தில் வாசிப்போர் இதை நினைவில் வைப்பது நலம்.)

இனி ரோமர் முதலாம் அதிகாரம். 24, 26, 28 ஆகிய மூன்று வசனங்களிலும் பவுல் ‘பரெதோக்கென்’ என்ற ஒரே வினையை மும்முறை அறைகிறார். ஜேம்ஸ் அரசர் திருப்புதல் முதலிரண்டில் ‘கேவ் அப்’ என்றும் மூன்றாவதில் ‘கேவ் ஓவர்’ என்றும் கூறும். ஆங்கிலத்தில் வாசித்த நம் பிரசங்கியார் இதனை மனத்தில் தமிழாக்குகையில், ஓங்கிநிற்கும் அந்த மூன்றாம் பொருள் குறுக்கிட, ‘தேவன் அவர்களைக் கைவிட்டார்’ என்று பீடத்திலிருந்து முழங்குகிறார். வழிதவறிய மகனுக்காகப் பல்லாண்டுகளாய் ஜெபித்துவரும் தாய் ஒருத்தி கடைசி வரிசையில் அமர்ந்து அதைக் கேட்கிறாள். தேவனே மனந்தளர்ந்து விட்டுவிட்டார் என்றால் அவள் இனி யாரிடம் போவாள்?

பவுல் அப்படிச் சொல்லவில்லை. அவர் வாக்கியங்களில் ஒப்படைக்கப்படும் இடம் ஒவ்வொரு முறையும் குறிக்கப்படுகிறது. ஆகையால் இது முதல் வகை. இது நியாயத்தீர்ப்பே, அதன் கடுமையைக் குறைக்க நாம் முயலலாகாது. ஆயினும் நியாயாதிபதி ஆசனத்தைவிட்டு எழுந்து போய்விடவில்லை. அதே வினையைப் பவுல் 8:32இல் குமாரனைக் குறித்து எழுதுகிறார். கலாத்தியர் 2:20இல் குமாரன் தம்மைத்தாமே அளித்ததற்கும் அதுவே வினை. நம் திருப்புதல் இவ்வெல்லா இடங்களிலும் ‘ஒப்புக்கொடு’ என்றே வைத்திருப்பதால், பாவிகள் ஒப்புக்கொடுக்கப்பட்ட இருளுக்குள் குமாரனும் ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்னும் தொடர்பு தமிழ்க் காதுக்குத் தானாகவே எட்டுகிறது. பிதாவும் குமாரனும் யூதாசும் செய்தது ஒப்புக்கொடுத்தல் என்னும் ஒரே செயலாயினும் நோக்கம் வெவ்வேறு என்று அகுஸ்தீன் 1 யோவான் நிருபப் பிரசங்கங்களில் விளக்கியிருப்பதும் இங்கே கருதத்தக்கது. யூதாசுக்கு நாம் ‘காட்டிக்கொடு’ என்ற தனிச்சொல்லை வழங்குவதால் அந்த ஒரு தொடர்பு மட்டும் நமக்கு மறைந்துபோகிறது.

ஒப்புக்கொடுத்தபின் தேவன் என்ன செய்கிறார் என்பதற்கு 81ஆம் சங்கீதம் சான்று. 12ஆம் வசனத்தில் ஜனத்தை அவர்கள் இருதயத்தின் கடினத்திற்கு விட்டுவிட்டதாகக் கூறுபவர், 13இலேயே அவர்கள் செவிகொடுத்தால் நலமாயிருக்குமே என்று ஏங்குகிறார். 1 கொரிந்தியர் 5:5இல் சாத்தானுக்கு ஒப்புக்கொடுத்தலும் ஆவி இரட்சிக்கப்படும் நோக்கத்தோடேயே கூறப்படுகிறது.

ஓசியா 11:8இல் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. எபிரெயத்தில் ‘நாத்தான்’, ‘மாகன்’ என்னும் இருவினைகள். முதலாவது கொடு என்னும் எளிய வினையே. நம் திருப்புதல் அதற்குக் ‘கைவிடு’ என்றும், அடுத்ததற்கு ‘ஒப்புக்கொடு’ என்றும் வைத்துள்ளது. இரண்டாம் வினையின் எழுத்துகள் கேடகம் என்னும் எபிரெயச் சொல்லையும் நினைவூட்டுவன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து அவ்வழியே சென்று, ஒப்புக்கொடுத்தலைக் குறிக்கும் இடத்தில் கேடகமாயிருந்து காத்தல் என்று பொருள்படும் சொல்லை அமைத்துவிட்டது. மொழியியலார் இதனைப் பிழையென்பர். தேவன் இஸ்ரவேலைக் குறித்துக் கேட்ட அக்கேள்விக்கு அதே அதிகாரத்தின் அடுத்த வசனம் அளிக்கும் விடையும் ஏறக்குறைய அதுவேதான்.