கடலில் துடுப்புப் போட, குளத்தில் இறங்க வேண்டும்

ஆரணியிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கடல் விளையாட்டு நம் கரைக்கு வந்துவிட்டது. நம் சேரிப் பிள்ளைகள் அதில் எப்போது இறங்குவார்கள் என்பதே நம் கேள்வி.

கயாக் படகை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகு உள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான படகு அது. நெடுந்தூரக் கடல் போட்டிக்குத் தோள்பலம் மட்டும் போதாது. நீரோட்டம் தெரிய வேண்டும். நம் கரையில் அது மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே ஓடும்.

கணக்கு எளிது. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுபவர், 2 கிலோமீட்டர் வேக நீரோட்டத்தை எதிர்த்தால் 4 கிலோமீட்டர்தான் நகர்வார். 12 கிலோமீட்டர் போக 3 மணி நேரம். நீரோட்டத்தோடு திரும்ப ஒன்றரை மணி நேரம். அதனால் பயிற்சியில் முதலில் எதிர்த்துப் போய், களைத்த பிறகு அதன் போக்கில் திரும்புவது நல்லது. கரையை நோக்கி வரும்போது முன்னும் பின்னுமாக உள்ள ஒரு மரத்தையும் ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கோடு விலகினால் நீரோட்டம் படகை இழுக்கிறது என்று பொருள். உடனே படகின் மூக்கை நீரோட்டம் வரும் திசைக்குச் சற்றுத் திருப்ப வேண்டும். கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறவும் பழக வேண்டும். உயிர்காப்பு உடையும் துணைப்படகும் இல்லாமல் கடலில் இறங்கக் கூடாது.

இத்தனைக்கும் அடிப்படை நீச்சல். கிராமத்தில் நீச்சல் பழகும் இடம் கிணறும் குளமும். அங்கேதான் சாதி காவலுக்கு நின்றது. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964 ஜூனில் ஃபுளோரிடாவில் கறுப்பின மக்கள் வெள்ளையர் விடுதியின் நீச்சல் குளத்தில் இறங்கியபோது, அதன் மேலாளர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். குடிக்கவே போராட வேண்டியிருந்தவர்களுக்கு நீந்திப் பழக இடம் ஏது?

கடலோரப் பிள்ளைக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. தறிச் சத்தத்தில் வளரும் ஆரணிப் பகுதிப் பிள்ளைக்கு ஏரிதான் கடல். ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளின் மாணவ, மாணவியருக்குக் கோடை விடுமுறையில் பயிற்சியாளரோடு நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று நாம் கேட்கிறோம். போட்டிக்குப் போகாத பிள்ளைக்கும் அது உயிர்காக்கும் கல்வி.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. நம் ஊர் ஏரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் பயிற்சி என்று அங்கே தீர்மானம் எழுதச் சொல்வோம். மாணவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.