இடுப்பு மூட்டைப் பிடித்து நிற்பது எது?

இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்பது, "இது எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். பந்தும் கிண்ணமும் எதில் செய்தவை என்று விசாரிப்பவர்களும் உண்டு. அவற்றை எலும்போடு பிடித்து வைப்பது எது என்று கேட்பவர்கள் குறைவு. அவசியம் கேளுங்கள், மூட்டு எவ்வளவு தேயும் என்பது அதையும் பொறுத்தது.

பிடிப்பு இரண்டு வகை. ஒன்று எலும்பு சிமெண்ட். வெள்ளைப் பொடியில் திரவத்தை ஊற்றிக் கலக்கும்போதே மூக்கைத் துளைக்கும் வாடை எழும். பிசைந்த மாவு பதத்துக்கு வந்ததும் எலும்புக்குள் அழுத்தி, மூட்டின் தண்டைச் செருகுவார்கள். சூடேறி, பத்து நிமிஷத்துக்குள்ளாகவே கல்லாகிவிடும். பல்செட் செய்கிற அக்ரிலிக்கின் குடும்பம்தான் இது. பெயர் சிமெண்ட் என்றாலும் இது ஒட்டும் பசை அல்ல. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகி, இடைவெளியை அடைத்து நிற்கிறது. இன்னொரு வகையில் சிமெண்ட் கிடையாது. சொரசொரப்பான டைட்டானியத்தை இறுக்கிப் பொருத்திவிட்டால், எலும்பே அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளும்.

தேய்மானம் இந்தப் பிடிப்பை எப்படிக் கெடுக்கிறது? இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில வருஷங்களிலேயே அது தேய்ந்து, உதிர்ந்த துகளைச் சுற்றித் திசு புண்ணாகித் தடித்தது. 1962இல் அவர் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். அது பல மடங்கு மெதுவாகத்தான் தேய்ந்தது, ஆனாலும் தேயாமல் இல்லை. மைக்ரானுக்கும் சிறிய அந்தத் துகள்களை உடலின் காவல் செல்கள் விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அந்தச் செல்கள் விடுக்கும் சமிக்ஞையால் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. எலும்பு கரைந்தால் பிடிப்பு தளரும்.

1980களில் இந்தப் பழி முழுக்கச் சிமெண்ட் மேல் விழுந்தது. 'சிமெண்ட் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் எலும்பு கரைவதைப் பார்த்த பிறகுதான், முக்கியக் குற்றவாளி பிளாஸ்டிக் துகள் என்று தெரிந்தது. அதற்காகச் சிமெண்ட் முழு நிரபராதி ஆகிவிடாது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் சல்பேட்டோ சிர்கோனியம் ஆக்சைடோ கலக்கிறார்கள். சிமெண்ட் உதிர்ந்து அந்தக் குருணை பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே சிக்கினால், ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த கதைதான். பந்தில் கீறல் விழும். கீறிய பந்து ஒவ்வொரு அடிக்கும் பிளாஸ்டிக்கைச் சுரண்டும்.

சிமெண்ட் இல்லாத வகைக்கும் அதற்கேயான சங்கடம் உண்டு. பழைய உலோகக் கிண்ணங்களில் பிளாஸ்டிக் உறை கொஞ்சம் அசைந்து, முதுகுப் பக்கமும் தேய்ந்தது. திருகுத் துளைகள் வழியே துகள்கள் நேராக எலும்புக்குப் போயின.

எனக்கு மிகப் பெரிய பாடமாகப் படுவது எக்ஸிட்டர் தண்டின் கதை. ராபின் லிங்கும் கிளைவ் லீயும் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் உருவாக்கிய இந்தத் தண்டு 1970இல் கண்ணாடிபோல மெருகேற்றி வந்தது. 1976இல் மேற்பரப்பை மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக மாற்றினார்கள். வடிவம் அதேதான். ஆனால் தளர்ச்சி கூடியது. சிமெண்டுக்குள் தண்டு இம்மியளவு அசையும்போது, சொரசொரப்பு சிமெண்டை உப்புத்தாள்போலத் தேய்த்துத் துகளாக்கியது. மெருகேறிய தண்டோ சற்றே கீழிறங்கி, ஆப்புபோல இறுகிக்கொள்ளும். 1986இல் மெருகுக்கே திரும்பினார்கள். இன்றும் அப்படித்தான் வருகிறது.

இன்றைய குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்குச் சிமெண்ட் தண்டே பல நேரம் பாதுகாப்பு. தண்டைச் சுற்றி எலும்பு முறியும் ஆபத்து அதில் குறைவு.

எந்த வகையானாலும், எலும்பு கரைவது வெகுநாள் வலிக்காது. அதனால் வலி இல்லையே என்று, டாக்டர் சொன்ன பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். அன்று கிண்ணத்தின் நடுவில் இருந்த பந்து, சில வருஷம் கழித்து மேலே ஏறியிருந்தால், ஏறிய அளவுக்குப் பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறது என்பதை டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தே காட்டிவிடுவார்.