நான்கு மில்லிமீற்றருக்கு ஓரடி

தென்மராட்சியில் எங்கள் ஊர் ரயிலடியை ஒரு மேசையின் மேல் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், வேப்பமரம் நின்ற பக்கம் பிழை என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

மாதிரி ரயில் என்றதும் எங்கள் ஆட்களுக்குச் சாவி கொடுத்து ஓடவிடும் விளையாட்டுச் சாமான்தான் ஞாபகம் வரும். மேற்கு நாடுகளில் அது பெரியவர்களின் பொழுதுபோக்கு. நிலையம், கைகாட்டி, பெட்டி, மரம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கவேண்டும் என்பதுதான் அதன் முதல் விதி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதிகம் பேர் 87இல் ஒரு பங்காகச் சுருக்குகிறார்கள். பிரித்தானியாவில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. அதற்கு 'ஓஓ' என்று பெயர். நான் அதைத்தான் எடுத்தேன். காரணம் கணக்குச் சுகம்: உண்மையில் ஓரடி என்றால் மேசையில் நான்கு மில்லிமீற்றர். எங்கள் பழைய ஆட்கள் எதையும் அடியில்தானே சொல்வார்கள். ஏழடிக் கதவு 28 மில்லிமீற்றர். அறுபதடிப் பெட்டி 24 சென்ரிமீற்றர்.

முதல் சிக்கல் தண்டவாளத்தில் வந்தது. பிரித்தானிய இயந்திரங்கள் உருவத்தில் சிறியவை. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக்கால மோட்டர் உள்ளே அடங்காது. ஆகவே வண்டியின் உடலை மட்டும் பெருப்பித்து, தண்டவாள இடைவெளியைப் பழையபடி 16.5 மில்லிமீற்றராகவே விட்டுவிட்டார்கள். அந்தப் பிழை இன்றுவரை கடைச் சாமான்களில் தொடர்கிறது. எங்களுக்கு அது இன்னும் பெரிய பிழை. இலங்கையின் அகலப்பாதை ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். மேசையில் 22 மில்லிமீற்றர் வரவேண்டும். கடையில் வாங்கும் பாதையில் யாழ்தேவியை வைத்தால், ஒடுங்கின ஒழுங்கைக்குள் லொறியை விட்ட மாதிரி இருக்கும்.

எனவே பாதையை நானே போட்டேன். தண்டவாளக் கம்பியை மட்டும் வாங்கி, சிலிப்பர் கட்டைகளை மெல்லிய பலகையில் வெட்டினேன். ஒன்பதடிக் கட்டைக்கு 36 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் பாதைக்கு ஏறத்தாழ நூறு கட்டை போகிறது. 22 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு தவாளிப்பு வெட்டிய ஒரு மரத்துண்டு இருந்தால் போதும். கம்பிகளை அதற்குள் பிடித்து, பசை காயும்வரை காத்திருக்கலாம். பெட்டிகளின் சில்லுகளுக்கு நீண்ட அச்சு போடவேண்டும். அது இரண்டு பின்னேர வேலை.

1990 ஜூனில் யாழ்தேவி நின்ற பிறகு சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கருக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் வளவுப் பங்கருக்கு மேலும் ஏழு கட்டைகள் கிடந்தன. எனக்கு அப்போது பதினாறு வயது. ஒவ்வொரு கட்டையையும் ஐயாவும் நானும் தூக்கி வந்தோம். வழியில் எத்தனை தரம் இறக்கி வைத்தோம் என்று கணக்கில்லை. இந்த மேசையில் நான் யாரிடமும் கேட்காமல் போட்ட அளவு அந்தக் கட்டையின் அளவு ஒன்றுதான்.

கட்டடத்துக்கு வரைபடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுப் படங்கள் 2000ஆம் ஆண்டு இடம்பெயர்வோடு போய்விட்டன. கனடாவிலிருந்து மச்சாள் ஒரு படம் அனுப்பினா. பெரியப்பா நிலையச் சுவரோடு சாய்ந்து நிற்கிறார். அவர் ஐந்தரை அடி உயரம் என்று பெரியம்மா சொன்னா. படத்தில் அவர் 33 மில்லிமீற்றர். ஆகவே படத்தின் ஒரு மில்லிமீற்றர் இரண்டு அங்குலம். பக்கத்து யன்னல் 24 மில்லிமீற்றர் என்றால் நாலடி. மேசையில் 16 மில்லிமீற்றர். இந்த முறை ஆளும் சுவரும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் சரிவரும். பெரியப்பா நாலடி முன்னால் வந்து நின்றிருந்தால் என் கட்டடம் குள்ளமாகியிருக்கும்.

மற்றவை எல்லாம் கடைத்தெருச் சாமான். நிலத்துக்கு றெஜிபோம், சுவருக்கு பிறிஸ்டல் போட். சல்லித்தூளை தேத்தண்ணி வடியில் அரித்துப் பாதையில் பரப்பி, சவர்க்காரம் கலந்த தண்ணீர் தெளித்து, ஐதாக்கிய பைண்டர் கம்மைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சவர்க்காரம் இல்லாவிட்டால் கம் உள்ளே இறங்காமல் மேலே முத்து முத்தாக நிற்கும். பனைமட்டை ஓலைகளைத் தாளில் வெட்டுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஓட்டத்துக்கு 12 வோல்ற் நேர்மின்சாரம். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் மோட்டார்சைக்கிள் பற்றரியில் ஓட்டினேன்.

அளவுகோலால் தீராத கேள்வி ஒன்று இருந்தது: எந்த ஆண்டு? மாதிரி கட்டுபவர் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். இயந்திரம், பெட்டியின் நிறம், சுவர் விளம்பரம் எல்லாம் அதைப் பொறுத்தவை. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். கனடாவில் செய்த எம்2 இயந்திரங்கள் அதற்கு இரண்டு வருடம் முன்னரே வரத் தொடங்கியிருந்தன. போருக்குப் பின் 2014 மார்ச்சில் பளைவரையும் ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம்வரையும் ரயில் வந்தது.

"இப்ப இருக்கிற ஸ்ரேசனைக் கட்டினா போய் அளக்கலாம்தானே அப்பா?" என்றாள் மகள். நியாயமான கேள்வி. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். நான் 1982ஐ எடுத்தேன். எனக்கு எட்டு வயது. இரவு மெயிலின் சத்தம் கேட்டுப் படுத்த காலம். அண்ணா வந்து பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. "வடிவாயிருக்கு. ஆனா உடைஞ்சதைக் காட்டாட்டி, அது உடையவே இல்லையெண்டு நினைப்பினம்," என்றார்.

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் ஒரே அடித்தளத்துக்கு இரண்டு கட்டடம் செய்து மாற்றி வைப்பவர்கள் உண்டு. நானும் கட்டடத்தைக் கழற்றக்கூடியதாக மாற்றி, கூரையில்லாத இரண்டாவது கட்டடத்தைத் தொடங்கியிருக்கிறேன். உடைந்த சுவரை வெட்டுவது நேரான சுவரைவிடக் கடினம். பாதையைத்தான் கழற்ற முடியாது, ஒட்டிவிட்டேன். அண்ணாவின் நாளுக்கு அதன் மேல் பற்றையை வைத்து மூடலாமா என்று யோசிக்கிறோம்.

பொதி அறையின் பின்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அலுமாரிக்குள் பழைய படம் வைத்திருப்பவர்கள் தேடிப் பாருங்கள், எந்த ஊர் ரயிலடியானாலும் சரி. சுவரோடு சாய்ந்து யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். அவருடைய உயரத்தைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.