பற்சக்கரத்தின் மேல்தோல்

நெசவாளருக்கும் உழவருக்கும் உருக்கின் வகைகளைப் பற்றி என்ன கவலை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். நம் சங்கத்து டிராக்டர் கற்பித்ததை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

அதன் கியர்ப் பெட்டியில் ஒரு சக்கரம் பல்லுடைந்து போயிற்று. அசல் சக்கரத்தின் விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு பட்டறையார் புதிதாக வெட்டித் தந்தனர். அளவு பொருந்திற்று, பளபளப்பிற்கும் குறைவில்லை. ஆனால் ஒரு பருவம் உழுது முடிவதற்குள் பற்கள் கத்திபோல் மெலிந்தன. தேய்ந்த தூள் எண்ணெயிற் கலந்து, அடுத்திருந்த நல்ல சக்கரங்களையும் பேரிங்குகளையும் கெடுத்தது. நடவுக் காலத்தில் உறுப்பினர்கள் வெளியார் வண்டிக்கு வாடகை கொடுக்க நேர்ந்தது. மிச்சம் பிடித்ததாக எண்ணிய தொகையைச் சொல்ல இப்பொழுது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

குற்றம் அளவில் அன்று, உருக்கில் இருந்தது. பற்சக்கரத்தின் பல் ஓயாது உராய்கிறது. அதற்குக் கடினம் வேண்டும். கலப்பை கல்லில் மோதினால் அதே பல் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். அதற்கு நெகிழ்வு வேண்டும். முழுதும் கடினமாயின் கண்ணாடிபோல் உடையும். முழுதும் மென்மையாயின் எங்கள் சக்கரம்போல் தேயும். கொல்லர் அரிவாளின் வாய்க்கு மட்டும் தோய்ச்சலிட்டு முதுகை விட்டுவிடுவதும் இதனாலேயே.

இதற்கு விடை தேடிச் சென்னைக்கு மேற்கே சென்றோம். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது; 1960-இல் அங்கேயே டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, விஜயந்தா டாங்கிகளைச் செய்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அந்தப் பத்தாண்டில் எழுந்ததே. சைக்கிளாயினும் டாங்கியாயினும் உராயும் உறுப்புகள் உண்டாதலால், பிறர் செய்த உறுப்புகளைக் கூலிக்கு உலையிலிட்டுப் பதப்படுத்தித் தருவதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் பேட்டையில் இருக்கின்றன.

அங்கு நடப்பது சாயமேற்றுவதைப் போன்றதே. நூற்கழி தொட்டியில் ஊறுவதுபோல், உருக்கு உலையில் கரியை உறிஞ்சுகிறது. எடுத்துக்கொள்ளும் உருக்கில் கரி 0.2 விழுக்காடு அளவே இருக்கும். கரிவாயு நிறைந்த உலையில் ஏறத்தாழ 920 பாகை சென்டிகிரேடில் சில மணி நேரம் வைத்தால், சுமார் 1 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கரி ஊறி, மேற்பரப்பில் 0.8 விழுக்காட்டை எட்டும். பின்னர் எண்ணெயில் அமிழ்த்தித் தோலைக் கடினமாக்குவர். 180 பாகை அளவில் மீண்டும் சூடு காட்டி முறுகலைத் தணிப்பர். இரு மடங்கு ஆழம் வேண்டுமாயின் நான்கு மடங்கு நேரம் செல்லும். ஆகவே உலை நேரத்தைக் குறைப்பவர் தோலைக் குறைக்கிறார். வெளியே பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

சைக்கிளின் சிறு உறுப்புகளுக்குச் சாதாரண உருக்கே பெரும்பாலும் போதும். தடித்த சக்கரத்தை அவ்வுருக்கில் செய்தால் நீரில் வேகமாக ஆற்ற வேண்டும். அப்பொழுது அது கோணும், சில வேளை வெடிக்கும். மாங்கனீசும் குரோமியமும் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டிச் சேர்ந்திருப்பின், எண்ணெயில் நிதானமாக ஆறினும் கடினம் ஏறும், உள்ளீடும் வலுப்பெறும். பட்டறையார் இதனை ‘20 எம்.என்.சி.ஆர். 5’ என்பர். ‘8620’ என்னும் மற்றொரு வகையில் நிக்கல், குரோமியம் இரண்டும் அரை விழுக்காட்டை ஒட்டியும், மாலிப்டினம் 0.2 விழுக்காடு அளவும் உள்ளன. இரண்டாம் உலகப்போரில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கர் சிக்கனத்திற்காக வகுத்த உருக்குகளின் வழிவந்தது இது. தட்டுப்பாடு நீங்கிய பின்னும் நிலைத்துவிட்டது.

வாங்குமுன் அரத்தின் முனையைப் பல்லின் ஓரத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் தோல் உண்டு. கடித்தால் விலையைப் பேசவே வேண்டாம். தோலின் ஆழத்தை அரம் சொல்லாது. அதற்குப் பதனப் பட்டறையின் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கோணிய தண்டைச் செஞ்சூடாக்கி நிமிர்த்துவதும், சாணையில் பெரிதும் தேய்த்துப் பொருத்துவதும் அத்தோலை அழிக்கும் வழிகளே.

துணி மூட்டையோடு சங்கத்திற்கு வரும் அன்பர்கள் சைக்கிள் செயின் ‘நீண்டுவிட்டது’ என்பர். தகடு நீள்வதில்லை, ஆணியும் புஷ்ஷும் தேய்வதே நீட்டமாகத் தெரிகிறது. 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் மிகுந்தால் மாற்றிவிடுக. தாமதித்தால் பல்சக்கரமும் கூடவே போகும்.

இம்முறை டிராக்டருக்கு வந்த சக்கரத்தோடு தோலின் ஆழத்தைக் குறித்த சீட்டும் வந்தது. அதனை ரசீதோடு கோத்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். உறுப்பினர் எவரும் பார்க்கலாம்.