சமன் என்னும் மீன்

சமன் என்பது எங்கள் நாட்டில் ஒரு மீனின் பெயர் அன்று. ஒரு தகரப்பேணியின் பெயர். கடைக்குச் சென்று "ஒரு சமன் தாருங்கோ" என்றால், கடைக்காரர் மேற்றட்டிலிருந்து ஒரு பேணியை இறக்கி வைப்பார். உள்ளே கிடப்பது எந்த மீன் என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது சீனத்திலிருந்தோ சிலியிலிருந்தோ வந்த கும்பளா இனத்ததாய் இருக்கும். ஆயினும் தமிழரும் சிங்களவரும் கருத்து வேற்றுமையின்றி அதனைச் சமன் என்றே அழைத்து வருகின்றோம்.

இச்சொல்லின் வரலாறு எளிது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் வடபசுபிக் கரைகளிற் பிடித்துத் தகரத்திலடைத்த மீன் பேரரசின் நாடுகளுக்கெல்லாம் கப்பலேறிச் சென்றது. அம்மீனின் ஆங்கிலப் பெயரின் நடுவே ஒரு லகரம் உண்டு. அது எழுத்தில் நிற்கும், ஒலியில் நில்லாது. தமிழகத்தார் எழுத்தைப் பார்த்துச் 'சால்மன்' என்றனர். நாம் காதாற் கேட்டுச் 'சமன்' என்றோம். இவ்விடயத்திற் கடைத்தெருவே கற்றோரினுந் திருத்தமாக நடந்துகொண்டது என்பேன். பின்னர்ப் பேணிக்குள் இருந்த மீன் மாறியது, பெயர் மாறவில்லை.

அந்த மீனை உயிரோடு காண்பேன் என்று நான் எண்ணியதில்லை. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், கனடாவின் மேற்குக் கரையில் வாழும் என் தம்பி என்னை அழைத்தான். 1989இல், இருபதாவது வயதில், ஊரை விட்டுப் போனவன் அவன். போனவன் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் ஆண்டுக்கு நான்கைந்து முறை பேசுவோம். மழை பெய்ததா, கண்புரைக்கு மருந்து விடுகிறீர்களா என்ற அளவில் முடியும் பேச்சு. அதற்கு மேல் இருவரும் போவதில்லை.

மீன்பிடியைப் பற்றி எழுதப் புகுந்த நான் ஒன்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக்குப் பின் நான் கடல்மீன் உண்டதில்லை. என் தங்கை வடமராட்சி கிழக்கிலே, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே சில பனைகள் மட்டுமே நின்ற ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஞாயிறு பூரணை நாள். மேலே சொல்ல வேண்டுவதில்லை. அக்காலத்திற் கரையோர மக்கள் பலர் மீனைத் தொடவே கூசினர். கடல் யாரை உண்டது, மீன் எதனை உண்டது என்ற நினைவு இலையில் வந்து குந்திக்கொண்டது. நிவாரணப் பொதிகளிலே சமன் பேணிகள் வந்தன. அவற்றை உண்டோம். அது வேறு கடலின் மீன் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னோம். மாதங்கள் செல்ல மற்றவர்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்பினர். நான் திரும்பவில்லை. ஆண்டுதோறும் பண்டித வகுப்பில் நெய்தற்றிணையைப் படிப்பித்து, அதன் உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதி வந்தேன். மீன் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

தம்பிக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை.

வன்கூவர் நகரிலிருந்து வடக்கே மலையோரமாக ஒரு பெருந்தெரு செல்கிறது. ஒரு புறம் செங்குத்தான பாறை. மறு புறம் ஹவ் சவுண்ட் என்னுங் கடற்கால். பனியாறுகள் முன்னொரு காலத்திற் குடைந்த பள்ளத்திலே கடல் உட்புகுந்து, மலைகளின் நடுவே ஏரிபோற் கிடக்கிறது. அதன் கரையில் ஃபறி கிறீக் என்றோர் ஓடை கலக்கும் இடத்துக்கு விடியுமுன் என்னை அழைத்துச் சென்றான். மணற்கரையை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு உருண்டைக் கற்களே காலிற் பட்டன. எங்களூர்க் கடலின் இரைச்சல் இல்லை. நாற்றம் மட்டும் அதே நாற்றம்.

அவ்விடத்துக்குச் சற்று வடக்கே பிரித்தானியா என்னுஞ் செப்புச் சுரங்கம் இருந்தது. 1974இல் அதனை மூடிய பின்னரும் அமில நீர் பல ஆண்டுகள் கடலிற் கசிந்து, ஓடைவாயில் உயிரினம் அற்றுப்போயிற்றாம். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் சுத்திகரிப்பு நிலையம் அமைத்த பின்னரே மீன் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது.

தூண்டிலைக் கையால் தொடுவதானால் அனுமதிப்பத்திரம் வேண்டும். எனக்கும் ஒரு நாளுக்கு ஒன்று பெற்றிருந்தான். பிடித்த சமனை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கென ஒரு முத்திரைக் கட்டணம் வேறு. கொளுக்கியில் எதிர்முள் இருத்தல் ஆகாது. எதிர்முள் உள்ள கொளுக்கி தைத்தால் மீன் கழலாது. இல்லாவிடில் தங்கூசி ஒரு கணம் தளர்ந்தாலும் கழன்றுவிடும். தவறான இனத்தைப் பிடித்தால் ஊறின்றி விடுவதற்காக இந்த ஏற்பாடு. இரையும் உண்மையான இரை அன்று. இளஞ்சிவப்புப் பூசிய ஈயத்துண்டு. ஆற்றை நெருங்கிய சமன் பசிக்காக இரை தேடுவது குறைவு. பின் ஏன் கவ்வுகிறது என்று கேட்டேன். "கோவம் வந்து கடிக்குது எண்டு சொல்லுவினம், அண்ணை" என்றான்.

சமனில் இனங்கள் பல. நாங்கள் தேடி வந்தது இளஞ்சிவப்புச் சமன். அவற்றுள் அளவிற் சிறியது. இரண்டு கிலோ தேறினால் நல்ல மீன். அதன் வாழ்நாள் இரண்டே ஆண்டு. இலையுதிர் காலத்தில் ஆற்றுப் பருக்கைக் கற்களிடையே இட்ட முட்டை பொரித்து, வசந்தத்திற் குஞ்சு கடலுக்கு இறங்கும். பசுபிக் சமுத்திரத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு திரிந்து, பிறந்த ஆற்றின் மணத்தைப் பின்பற்றித் திரும்பி, முட்டையிட்டு மடியும். ஆகவே ஒற்றை ஆண்டிற் பிறந்த குலமும் இரட்டை ஆண்டிற் பிறந்த குலமும் ஒரே ஆற்றில் வாழ்ந்தும் ஒன்றையொன்று காண்பதில்லை. அந்தப் பக்கத்து ஆறுகளில் ஒற்றை ஆண்டிலேதான் மிகுதியாக வரும்.

இதனைச் சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்துத் தம்பி சிரித்தான். "அண்ணை, உதை உவமையாக்கிக் கட்டுரை எழுதிப்போடாதேங்கோ. ஊருக்குத் திரும்புற மீன் எண்டு இஞ்சை எல்லாரும் கவிதை எழுதியாச்சு. திரும்பினவுடனை அது செத்துப்போகும் எண்டதை ஒருத்தரும் எழுதுறேல்லை."

நான் உவமையைக் கைவிட்டேன்.

கடல் ஏறத் தொடங்கிய வேளையில் நீர்ப்பரப்பில் ஆங்காங்கே மீன்கள் துள்ளி விழுந்தன. கரையில் நின்றவர்களின் பேச்சு அடங்கியது. தம்பி என் பின்னால் நின்று, கோலை எவ்வாறு வீசுவது, ஈயத்தைச் சற்றே தாழவிட்டு எவ்வாறு உயர்த்துவது என்று காட்டினான். சிறு வயதில் அவன் கையைப் பிடித்து மணலில் அகரம் எழுதுவித்தவன் நான். பத்து முறை வீசியும் ஒன்றுமில்லை. பதினோராம் முறையோ பன்னிரண்டாம் முறையோ கோல் வளைந்தது. "தளர விடாதேங்கோ! பின்னாலை நடவுங்கோ!" என்றான். நான் கற்களில் இடறிப் பின்னோக்கி நடக்க, அலையோடு அலையாய் மீன் கரையிற் சறுக்கி ஏறியது.

வெள்ளிபோல் மின்னிற்று. முதுகிலும் வாலிலும் நீள்வட்டக் கரும்புள்ளிகள். வாயைத் திறந்து பார்த்தால் வெண்மை, ஈறு கறுப்பு. செதிள் மிகச் சிறிது. இவ்வடையாளங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே தம்பி சிறு தடியொன்றை எடுத்தான். அத்தடியை ஆங்கிலத்திற் 'குருவானவர்' என்று வழங்குவராம், இறுதிக் கிரியை செய்வதால். நிகண்டு நூல்கள் யமனுக்குச் சமன் என்றொரு பெயர் சொல்வது அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை, சொல்லக்கூடிய நேரம் அன்று. தலையில் ஓர் அடி. உடனே செவுளை அறுத்துக் கடல்நீர் வாளியில் இரத்தம் வடிய விட்டான். இந்த இனத்தின் தசை மெல்லியது. இரத்தம் வடியாமலும் பனிக்கட்டியில் இடாமலும் ஒரு மணி நேரம் வெயிலிற் கிடந்தால் நைந்து சுவை கெடும். இதனை மலிவான மீன் என்று பலர் இகழ்வதற்குக் காரணம் மீன் அன்று, பிடித்தவரின் சோம்பல் என்பது அவன் கருத்து.

அவன் இன்னொன்று பிடித்தான். அனுமதித்த தொகைக்கு உள்ளேயே நிறுத்திக்கொண்டோம்.

வீட்டில் அவனே சமைத்தான். வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, முதுகெலும்பின் ஓரமாகக் கிடக்கும் கருஞ்சிவப்புக் குருதிக் கோட்டைக் கரண்டிக் காம்பாற் சுரண்டினான். அது தங்கினால் கைக்கும். ஒன்றிற் சினை இருந்தது; அதனைப் புறம்பாக வைத்தான். தசையின் நிறம் வெளிறிய செம்மை. துண்டுகளைப் பெரிதாக வெட்டினான். சிறிதாக வெட்டினாற் கரைந்துவிடும். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலிற் கொதிக்க வைத்து மீனை இட்டான். கரண்டியால் துழாவவில்லை, சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றினான். முதற்பால் விட்டு நுரை கட்டியதும் இறக்கி, ஆறவிட்டுத் தேசிக்காய்ப்புளி பிழிந்தான். எங்கள் அம்மாவின் சொதி அதுவே. ஒன்று மட்டும் வேறு. முதற்பாலும் இரண்டாம்பாலும் பேணியிலிருந்து வந்தன. ஊரிலே தேங்காய் புதிது, சமன் தகரத்தில். அங்கே சமன் புதிது, தேங்காய் தகரத்தில்.

இடியப்பத்தோடு கோப்பையை என் முன் வைத்தான். அப்போதுதான் சொன்னேன், இருபது ஆண்டுகளுக்கு மேலாக மீன் உண்பதில்லை என்று. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு எதிரே இருந்தான்.

"நிவாரணத்திலை சமன் ரின் திண்டனீங்கள்தானே, அண்ணை?"

"ஓம்."

"அது பேருக்குச் சமன். இதுதான் அசல்." சற்று நேரம் பேசாதிருந்தான். "நான் அக்காவின்ரை செத்தவீட்டுக்கு வரேல்லை. எனக்கு அப்ப இஞ்சத்தைப் பத்திரம் இல்லை. வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டாங்கள். அண்டைக்கு உந்தக் கரையிலைதான் போய் நிண்டனான். இரவு முழுக்க. கடல் எல்லாம் ஒண்டுதானே எண்டு."

வேறு கடல் என்று நான் சொல்லி வந்த சமாதானத்தை அவனிடஞ் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஒரு துண்டை எடுத்து இடியப்பத்தோடு பிசைந்து உண்டேன். முள் குறைவு. உப்புச் சற்றுக் குறைந்திருந்தது, அதையும் சொன்னேன். "அம்மாவின்ரை சொதியிலும் குறைவுதான்" என்றான். உண்மை.

சட்டியில் மீன்தலை எஞ்சிக் கிடந்தது. எங்கள் வீட்டில் மீன்தலைக்காகச் சண்டை இடுபவர்கள் அவனும் தங்கையுமே. பெரும்பாலும் அவளே வெல்வாள். அவன் அதனை என் கோப்பையில் இடவுமில்லை, தான் எடுக்கவுமில்லை.

அக்கரையின் ஆதிக்குடிகளான கரையோரச் சாலிஷ் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் முதற் சமனை ஊரார் கூடி உண்டு, முள்ளைச் சிதறவிடாது பொறுக்கி நீரிற் சேர்ப்பர். அவ்வாறு செய்தால் மீன் மறுபடி வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. இதனை மறுநாட் காலையிற் காரிலே போகும்போது தம்பி எனக்குச் சொன்னான். தலையும் முட்களும் ஒரு தாளிற் சுற்றி என் மடியில் இருந்தன.