அணுக்கழிவுப் பெட்டி தீப்பிடித்தால் என்ன ஆகும்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை செல்லும்போது கல்பாக்கத்தைக் கடந்துதான் போகிறோம். அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் கதிரியக்கப் பொருள் அணுமின் நிலையத்தில் மட்டும் இருப்பதல்ல. புற்றுநோய் சிகிச்சைக்கான கோபால்ட்-60 மருத்துவமனைகளுக்கு சாலை வழியாகவே வருகிறது. அதன் வீரியம் சுமார் ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பயன் தீர்ந்ததும் கழிவாகத் திரும்பிப் போகிறது. வழியில் லாரி கவிழ்ந்து தீப்பிடித்தால் என்ன ஆகும்?

சோதனை எப்படி நடக்கிறது?

வீரியம் மிக்க பொருட்களை ஏற்றும் பெட்டிகளுக்கு சர்வதேச அணுசக்தி முகமை விதிகள் வகுத்துள்ளது. இந்தியாவில் அனுமதி தருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். முதலில் பெட்டியை 9 மீட்டர் உயரத்திலிருந்து, சற்றும் வளையாத கடினமான தளத்தில் போடுகிறார்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து, 15 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் கம்பத்தின் மீதும் போடுகிறார்கள். இப்படி அடிபட்ட அதே பெட்டியைத்தான் 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. தானாகவே ஆற வேண்டும்.

இவ்வளவு கடுமை ஏன்? கதிர்வீச்சைத் தடுக்கப் பல பெட்டிகளில் ஈயம் வைக்கிறார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். விழுந்ததில் எஃகுக் கூடு விரிசல் விட்டிருந்தால் உருகிய ஈயம் வெளியேறும், தடுப்பும் போய்விடும். அதனால்தான் வெப்பம் உள்ளே புகாதபடி வெளிப்புறத்தில் தனி அடுக்கு அமைக்கிறார்கள்.

அரை மணி நேரம் போதுமா என்ற கேள்வியும் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரயில் சுரங்கப்பாதையில் பிடித்த தீ நாட்கணக்கில் எரிந்தது. அந்த ரயிலில் அணுக்கழிவு இல்லை. ஆனாலும், இருந்திருந்தால் பெட்டி தாங்கியிருக்குமா என்று அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தனியாக ஆய்வு செய்தது.

பெட்டியைத் தாண்டிய ஆபத்து

நம் நாட்டில் நடந்த பெரிய விபத்துக்குத் தீ காரணமல்ல. டெல்லி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த கோபால்ட் கருவி 2010-இல் பழைய சாமான்களோடு ஏலம் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தீயையும் தாங்கும்படி செய்த பெட்டியும், அதன் பொறுப்பாளர் மறந்துவிட்டால் பழைய இரும்புதான்.

நம் குடும்பங்களில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

- நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று இதழ்கள். இதுவே கதிரியக்க அடையாளம். பெரும்பாலும் மஞ்சள் பின்னணியில் இருக்கும்.
- இந்த அடையாளம் உள்ள எதையும் வாங்கவோ, உடைக்கவோ, உருக்கவோ கூடாது.
- அளவுக்கு மீறிக் கனக்கும் சிறிய உலோகப் பெட்டியைச் சந்தேகியுங்கள்.
- விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கிவிட்டு, 112-ஐ அழையுங்கள்.

இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடையில் வேலை செய்பவர்களுக்கும் இன்றே சொல்லி வைப்போம்.