நட்டால் பாதி, பிழைத்தால் மீதி

இரண்டு வருஷம் முன்னால், சித்திரை மாசம், பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் என் தோட்டத்துக்கு வந்தார்.

"ஐயா, லீவுல மரக்கன்னு நட்டுக் கொடுக்குற தொழில் பண்ணலாம்னு இருக்கேன். கனடாவுல காலேஜ் பசங்க கோடை லீவுல அப்படித்தான் சம்பாதிக்கிறாங்களாம். கன்னுக்கு இவ்வளவுன்னு கூலியாம்" என்றார்.

"நெசந்தான் தம்பி. அங்க கோடைன்னா பனி உருகி மண்ணு ஈரமா இருக்குற காலம். நம்ம அயோத்தியாப்பட்டணத்துல சித்திரையில நட்டா கன்னு கருவாடாயிடும்" என்றேன்.

வங்கியில் வருஷக்கணக்காகக் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். ஒரு தொழில் எங்கே சாயும் என்றுதான் முதலில் கண் போகும். இந்தத் தொழில் சாயும் இடம் இரண்டு: பருவம், விலை.

லீவு குழிக்கு, மழை நடவுக்கு

சேலம் பக்கம் மானாவாரி நடவுக்கு ஆவணிக் கடைசி முதல் ஐப்பசி வரை நல்ல காலம். தாமதித்தால் வேர் பிடிப்பதற்குள் மழை நின்றுவிடும். ஓய்வு பெற்ற வருஷம் தை மாசத்தில் நூறு கன்று நட்டேன். வைகாசியில் எண்ணினால் பதினேழு!

கோடை லீவில் ஆர்டர் பிடிக்கலாம், இடம் அளக்கலாம், குழி எடுக்கலாம். நீளம், அகலம், ஆழம் ஒன்றரை அடி. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, குழியை வெயிலில் ஆறப் போடுங்க. புரட்டாசி, ஐப்பசி சனி ஞாயிறுகளில் நடவு. மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடணும். சுற்றிலும் சருகு மூடாக்கு. வேர் பிடித்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம்.

எதை விற்பது?

வேளாண்மைத் துறையின் 'நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்' 2021-22இல் தொடங்கியது. வரப்போரம் என்றால் ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்க என்றால் 160 கன்று இலவசம். உழவன் செயலியில் பதியணும். சும்மா கிடைக்கிற கன்றை யார் காசு கொடுத்து வாங்குவாங்க? ஆனால் அதே திட்டத்தில், இரண்டாம் வருஷத்திலிருந்து உயிரோடு நிற்கும் கன்றுக்குத்தான் 7 ரூபாய் ஊக்கத்தொகை. அதாவது அரசாங்கமே பிழைப்புக்குத்தான் விலை வைக்கிறது. நாமும் அதையே விற்கலாம்.

நட்ட அன்று பாதிப் பணம். ஒரு கோடையைத் தாண்டி, அடுத்த ஆடியில் எண்ணிப் பார்த்து, உயிரோடு இருக்கிற கன்றுக்கு மட்டும் மீதி. ஒரு பேச்சுக்குக் கன்றுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கன்றுக்கு நட்ட அன்று 3,000. எண்பது பிழைத்தால் ஆடியில் 2,400. கூலி, வண்டிச் செலவு எல்லாம் முதல் பாதிக்குள் அடங்கணும். அப்போது கடன் வாங்கத் தேவையில்லை.

முதல் வருஷமே நாற்றங்கால் போடாதீங்க. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு பார்க்கலாம். புளி, புங்கன் விதையைக் கோடையிலேயே சேர்க்கலாம். வேம்பு, நாவல், இலுப்பை ஆனி, ஆடியில் பழுக்கும். வேப்பம் விதையைச் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைச்சிடணும். வைத்திருந்தால் முளைக்காது.

ஒரு பாடம்

அந்தத் தம்பி முதல் ஆர்டரில் 60 கன்று நட்டார். போன ஆடியில் நானும் எண்ணப் போனேன். 41 நின்றது. 11 கன்றை ஆடு மேய்ந்திருந்தது. "அதுவும் உன் கணக்குலதான்" என்றார் தோட்டக்காரர். தம்பி என் முகத்தைப் பார்த்தார். வேலியும் தண்ணியும் யார் பொறுப்பு என்று நாங்கள் எழுதிக்கொள்ளவே இல்லை. எத்தனையோ பேருக்கு 'படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க' என்று சொன்னவன் நான். அது என் தப்பு.

இந்த வருஷம் ஒரு பக்கத் தாளில் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குழியே எடுத்தார். தண்ணி, வேலி தோட்டக்காரர் பொறுப்பு. நடவு, மூடாக்கு, மாசம் ஒரு தடவை வந்து பார்ப்பது தம்பி பொறுப்பு. நீங்களும் தாளிலிருந்தே தொடங்குங்க.